பிரிக்காத டக்கு

பிரகாஷ்,

நீ போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. மடித்துப் போட்டாலும் மறுபடி பிரிக்கும்போது நான் அதே வரியில்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் இந்த வீட்டில் இப்போது 'எல்லாரும்' என்பது நான் ஒருத்திதான். ஒருத்தி சௌக்கியமாக இருக்கிறேன். காலையில் ஒரு டம்ளர் காபி, மத்தியானம் ஒரு பிடி சோறு, இரவுக்கு அதே சோற்றில் மோர். பின் தெருவில் பவர்லூம் ஓடுகிற சத்தம் இருக்கிறவரை வீட்டில் யாரோ நடமாடுவதுபோல இருக்கும். கரண்டு போய் அது நின்றுவிட்டால்தான் நான் எழுந்து வாசலில் போய் நிற்கிறேன். நீயும் கூப்பிடுவதில்லை, உன் சேகர் மாமாவும் வருவதில்லை. முப்பது வருஷம் கத்திக் கத்திப் பாடம் நடத்திய தொண்டை, இப்போதெல்லாம் பால்காரரிடம் பேசும்போது கரகரவென்று வருகிறது.

அன்றைக்குப் போனில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு குழாய் ரத்தம் கொடுத்து, அக்காவுக்கு வந்த அந்த ரத்த நோயின், தலசீமியாவின், கூறு உன்னிடம் இருக்கிறதா என்று பார்த்துவிடு என்றேன். "எனக்கு இன்னாம்மா கீது? ஜிம்முக்குப் போய்கினு நல்லாதான கீறேன். பத்திரிகை அடிக்கிற நேரத்துல ஏம்மா பேஜார் பண்ற?" என்றாய். பெங்களூரில் நாள் முழுக்க இங்கிலீஷில் மீட்டிங் பேசுகிறவன், கோபம் வந்தால் மட்டும் ஆரணிக்காரனாகிவிடுகிறாய். அதைக் கேட்க எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்து ஒன்று சொன்னாய் பார், "அக்காவுக்கு வந்தது அக்காவோட போச்சு" என்று. அதில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அக்காவோடு அது போகவில்லை, பிரகாஷ். போயிருந்தால் நான் ஏன் உன்னைத் தொந்தரவு செய்யப்போகிறேன்?

வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நம் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். நீ சின்னப் பையனாக இருந்தபோது பார்த்திருப்பாய், நினைவிருக்குமோ என்னவோ. நம் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை சாமிக்கு. முதல் புதுத்துணி, வீட்டில் சின்ன வயதிலேயே செத்துப்போன பெண்ணுக்கு. கிணற்றடியில் சொம்பில் தண்ணீர் மொண்டு, அதற்குப் பூச்சுற்றி, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குள் அழைத்து வருவார்கள். கூடத்தில் பலகை போட்டு, பாவாடை சட்டை, வளையல், கண்மை, அவளுக்குப் பிடித்த தின்பண்டம் எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்டு முடித்ததும் அந்தத் துணியை வீட்டில் உள்ள சின்னப் பெண் உடுத்திக்கொள்ளும். சின்னப் பெண் இல்லாவிட்டால் அது பெட்டிக்குள் காத்திருக்கும். உன் கல்யாணத்துக்கு அந்தப் பலகையில் உட்காரப்போகிறவள் உன் அக்கா அமுதா. பன்னிரண்டாவது வயது பிறக்காமலே போனவள்.

என் கல்யாணத்தின்போது உன் அப்பாவின் தங்கைக்குப் பாவாடை வைத்தார்கள். உன் அப்பா எனக்குச் சொந்த அத்தை மகன் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தங்கையை நான் பார்த்திருக்கிறேன். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஓடிப்பிடித்து விளையாடினால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். என் அத்தையின் கல்யாணத்தில் யாருக்கு வைத்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். அங்கேயும் ஒரு குழந்தை, அதுவும் வெளுத்துப்போய்ச் செத்ததுதான். தலைமுறைக்கு ஒரு பெண் நம் வீட்டில் சாமியாகிவிடுகிறாள் என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வார்கள். ஆண் பிள்ளைகளும் போயிருப்பார்கள். அவர்களுக்கு வேட்டி வைத்துக் கும்பிடுகிற வழக்கம் இல்லாததால் யாருடைய நினைவிலும் இல்லை. இப்படி விழுந்து விழுந்து கும்பிட்டவர்களில் ஒருத்தராவது, ஏன் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி வெளுத்துப் போகிறது என்று கேட்டதில்லை. கும்பிட்ட கையோடு, சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று மறுபடி அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நானும் தலையைக் குனிந்து அந்த முடிச்சை வாங்கிக்கொண்டவள்தான். அப்போது நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். பாடம் வேறு, வீடு வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமுதா பிறந்து சில மாதம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு பால் குடிக்கவே களைத்துப்போனாள். ஊரில் காட்டிய டாக்டர் ரத்தம் கம்மி என்றார். அவ்வளவுதான், வருகிறவர் போகிறவர் எல்லாரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல். அவள் வாயை மூடிக்கொள்வாள், நான் மூக்கைப் பிடித்து ஊற்றுவேன். அந்த நோயில் இரும்பு ஏற்கெனவே உடம்பில் தேங்கி நிற்கும், மேலும் ஊற்றுவது விஷம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தது என்று உன் அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இருந்தாலும் அந்த டானிக்கின் வாசனை எங்கேயாவது அடித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நீ கைக்குழந்தையாக இருக்கும்போதுதான் அவளை வேலூருக்குக் கொண்டுபோனோம். நோயின் பெயர் தெரிந்தது அப்போதுதான். மாசாமாசம் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மாசாமாசம் முதல் பஸ்ஸில் போய் இருட்டியபிறகு திரும்புவோம். அங்கே இருந்த லேடி டாக்டர் நல்ல பொறுமைசாலி. நான் விலங்கியல் டீச்சர் என்று தெரிந்ததும், ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டு, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுகிற இடத்தில் பிழை என்று காட்டினார். என் முகம் எப்படிப் போயிருக்குமோ. அந்த வாரம்தான் நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு அதே படத்தைப் போர்டில் போட்டு, கலர் சாக்பீஸில் அம்புக்குறி போட்டு, "இது கண்டிப்பா அஞ்சு மார்க்ல வரும்டி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

உனக்கு அந்தப் படம் தெரியாது. நீ கணக்கு–கம்ப்யூட்டர் எடுத்தவன். அதனால் சொல்கிறேன், கொட்டாவி விடாமல் கேள். செல்லுக்குள் இருக்கிற டி.என்.ஏ. தன் அறையைவிட்டு வெளியே வராது. எந்தப் புரதம் வேண்டுமோ அதற்கான பகுதியை மட்டும் செல் ஆர்.என்.ஏ. என்று ஒரு பிரதி எடுக்கும். எடுத்த பிரதி அப்படியே உதவாது. நடுநடுவே வேண்டாத துண்டுகள் கிடக்கும். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டியதை ஒன்றோடு ஒன்று ஒட்டி, அதன் பிறகுதான் வெளியே அனுப்பும். சேகர் மாமா வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோ ஞாபகம் இருக்கிறதா? எடுத்ததை எல்லாம் வெட்டி ஒட்டி சி.டி. போட்டுக் கொடுத்தானே அந்தப் பையன், அதே வேலைதான் இது. அவன் வெட்ட வேண்டிய இடத்தைத் தப்பாகப் பிடித்து, நாங்கள் எல்லாரும் ஆசீர்வாதம் செய்கிற காட்சி போய், மாமா சமையல்காரரோடு சாம்பாருக்குச் சண்டை போடுகிற காட்சி முழுசாக நின்றுவிட்டது. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உன் அக்காவின் ரத்தத்தில் நடந்ததும் அதே தப்புத்தான். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கு அந்தப் பிரதியிலேயே ஓர் அடையாளம் இருக்கும். ஹீமோகுளோபின் செய்கிற மரபணுவில், அந்த அடையாளத்துக்குள் ஒரே ஓர் எழுத்து நம் குடும்பத்தில் மாறிக் கிடக்கிறது. ஓர் எழுத்துதான். அதனால் செல்லுக்கு இடம் மங்கலாகத் தெரிகிறது. எப்போதாவது சரியாக வெட்டும், பெரும்பாலும் பக்கத்தில் அதேபோலத் தோன்றுகிற வேறு இடத்தில் வெட்டிவிடும். தப்பாக ஒட்டிய பிரதியைப் படித்துக்கொண்டே போனால், இத்தோடு முடிந்தது என்கிற குறி பாதியிலேயே வந்துவிடும். செல் ஏமாளி இல்லை. இது உருப்படாது என்று கண்டுகொண்டு அந்தப் பிரதியையே சிதைத்துப் போட்டுவிடும். நல்ல பிரதிகளும் வேலை முடிந்ததும் சிதைக்கப்படுகிறவைதான், ஆனால் அவை ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகின்றன. இவை ஒன்றும் செய்யாமலே போய்விடும்.

இப்போது நீ கேட்கப்போகிற கேள்விக்கு வருகிறேன். அப்படியானால் நானும் உன் அப்பாவும் எப்படி நன்றாக இருந்தோம்? இந்த மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. எனக்கு ஒன்றில்தான் பிழை. இன்னொன்று நல்லபடியாக வேலை செய்ததால் நான் முப்பது வருஷம் மாடிப்படி ஏறி இறங்கினேன், உன் அப்பா கடைசிவரை நெசவுக்குத் தறிக்குழியில் இறங்கினார். கெட்ட பிரதிகள் உள்ளே தினமும் சிதைந்துகொண்டுதான் இருந்தன. எங்களுக்கு வலிக்கவில்லை, காய்ச்சல் வரவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. அமுதாவுக்கு என்னிடமிருந்து பிழையானது ஒன்று, அவரிடமிருந்து பிழையானது ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. அவளிடம் ஈடுகட்ட நல்லது ஒன்று இல்லை. அதனால், 'நான் நல்லாதான கீறேன்' என்று நீ கண்ணாடியைப் பார்த்துச் சொல்வது எனக்குப் போதாது. கூறு உள்ளவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். நம் வீட்டில் அவ்வளவு பேரும் நன்றாகத்தான் இருந்தோம், நன்றாக இருந்தே பிள்ளைகளைப் புதைத்தோம்.

உனக்கு அப்போதே பரிசோதனை செய்யச் சொன்னார் அந்த டாக்டர். நீ கொழுகொழுவென்று உன் அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாய். "இதும் கைலயும் ஊசி குத்தணுமா?" என்று அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் வற்புறுத்தவில்லை. ஒரு பிள்ளையின் கையில் நரம்பு தேடித் தேடிக் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் என்ன வற்புறுத்துவது? பெரியவன் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அமுதா போன பிறகு அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை. அவள் போட்டோவை நீ பார்த்தால் அழுகிறாய் என்று பீரோவில் வைத்தோம். பிறகு நீ அழுவதை நிறுத்திவிட்டாய், நாங்கள் வெளியே எடுக்க மறந்துவிட்டோம்.

சிவப்பணு பற்றி இன்னொன்று உண்டு. பரீட்சைக்கு வராது என்று வகுப்பில் வேகமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவேன். சிவப்பணு வளர்ந்து வரும்போது, ஒரு கட்டத்தில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். அதற்குப் பிறகு அதனால் புதிதாக ஓர் ஆர்.என்.ஏ. எழுத முடியாது. முன்னால் எழுதி வைத்திருந்ததைக் கொண்டு கொஞ்ச காலம் ஹீமோகுளோபின் செய்யும். பிறகு அதுவும் சிதைந்துபோகும். அதற்குப் பிறகு சுமக்க வேண்டியதைச் சுமந்துகொண்டு சும்மா சுற்றிவரும், அவ்வளவுதான். உன் அப்பா போன பிறகு நான் இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மழைக்கு முன்னால் மாடித் தண்ணீர்க்குழாயில் அடைப்பைக் குத்திவிடு, கேஸ் வந்தால் வாஷரைப் பார்த்து வாங்கு, வெளியே போனால் பின்கதவை இரண்டு தடவை இழுத்துப் பார். அவர் சொல்லிவிட்டுப் போனதை வைத்துத்தான் என் நாள் ஓடுகிறது. புதிதாக எனக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. இதை உன் அனுதாபத்துக்காக எழுதவில்லை. தனியாக இருக்கிறவளுக்கு எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்கிற கூச்சம் போய்விடுகிறது, அதனால்தான் இதெல்லாம் வருகிறது.

உன்னிடம் கேட்பதற்கு முன்னால் சேகர் மாமா வீட்டுக்குப் போனேன். பெண் வீட்டாரிடமும் கேட்க வேண்டியதுதானே முறை. நீயும் அவன் மகள் நித்யாவும் ஒருவர்மேல் ஒருவர் ஆசைப்பட்டீர்கள் என்று தெரிந்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் அவன்தான். அவன் உன் தாய்மாமன், அவள் உனக்கு முறைப்பெண். சொந்தத்துக்குள்ளேயே மாப்பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவனிடம் போய், இரண்டு பேருக்கும் ரத்தம் பார்க்கலாம் என்றேன். கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்தான்.

"இன்னாக்கா சொல்ற? பத்திரிகைக்கு மாடல் பாத்துட்டு இப்பதான் வந்துகினு கீறேன். எம் பொண்ணு ரத்தத்துல இன்னா குறையக் கண்ட நீ?"

"உம் பொண்ணு ரத்தம் மட்டும் இல்லடா. எம் புள்ள ரத்தமும்தான். எல்லாம் நம்ப ரத்தம்."

"உங்க வூட்ல புள்ள செத்துச்சி. எங்க வூட்ல சாவல."

சொன்ன பிறகு அவனுக்கே முகம் செத்துப்போய்விட்டது. என் தம்பி கெட்டவன் இல்லை. அமுதாவுக்கு ரத்தம் கிடைக்காத மாசங்களில் ஆஸ்பத்திரிக்கு ஆள் திரட்டிக்கொண்டு வந்து, முதலில் தன் கையை நீட்டியவன் அவன். அவன் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல காரியத்துக்கு முன்னாடி இப்டியெல்லாம் பேசாதீங்க அண்ணி" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். தினமும் சாயங்காலம் வந்து என் பேப்பரைப் படித்துவிட்டு, டீயில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போகிறவன், அன்றிலிருந்து வரவில்லை. நான் இன்னும் இரண்டு பேருக்குத்தான் டீ போடுகிறேன். ஆறிப்போனதை நானே குடித்துவிடுகிறேன்.

நித்யா அன்றைக்கு உள்ளறையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ புடவைக்குக் கரை டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவே இல்லை. இரண்டு நாள் கழித்து எனக்கு போன். "அத்த, நாளைக்கு லீவு போட்டுட்டேன். வேலூர் பஸ்ல ஏறிக்கலாமா? அப்பாவாண்ட இப்ப சொல்லாதீங்க." பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து, ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். ஊரைத் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "அத்த, அமுதா அண்ணி எப்டி இருப்பாங்க?"

அவள் எப்படி இருப்பாள் என்று என்னிடம் யாரும் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது தெரியுமா? என்ன நோய், எத்தனை வயது, எப்படிப் போனாள் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி இருப்பாள் என்று கேட்டதில்லை. கண்ணமங்கலம் வருவதற்குள் எனக்குத் தொண்டை திறந்துவிட்டது. ரத்தம் ஏற்றிய மறுநாள் அவள் போடுகிற ஆட்டத்தைச் சொன்னேன். உன்னைச் சேலையால் தூணில் கட்டிவைத்துவிட்டு உனக்கே டாக்டராக நடித்ததைச் சொன்னேன். ஊசி போடுகிற நர்ஸிடம், "ஜல்தியா குத்துங்க அக்கா, எனக்கு இட்லி ஆறிடும்" என்று சொன்னதைச் சொன்னேன். அவளுடைய பொங்கல் பாவாடைக் கதையையும் சொன்னேன். நித்யா சிரித்துக்கொண்டே வந்தவள், அந்தக் கதைக்கு மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலூர் வந்தது தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் வந்து, "இறங்குங்கம்மா" என்றார்.

அவளிடம் அந்தக் கூறு இருக்கிறது, பிரகாஷ். முடிவு வந்துவிட்டது. அவளுக்கு நோய் இல்லை, வரவும் வராது. என்னைப்போல, உன் அப்பாவைப்போல, ஒரு மரபணுவில் மட்டும் பிழை. இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க அத்த. அவராண்ட மறைச்சிக் கட்டிகினு நான் எப்டி நிம்மதியா இருப்பேன்? அவரு இன்னா சொல்றாரோ சொல்லட்டும்" என்றாள். சொல்லும்போது குரல் கெட்டியாகத்தான் இருந்தது. துப்பட்டா நுனியைத்தான் சுருட்டிச் சுருட்டிக் கசக்கிவிட்டாள். அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் முதலில் என்னைத் திட்டுவான், பிறகு எம் பொண்ணை இனிமே யார் கட்டுவான் என்று என் மடியிலேயே தலையை வைத்து அழுவான். அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவா? ரத்தம் கொடு. உன்னிடம் பிழை இல்லை என்று வந்தால், உங்கள் பிள்ளைக்கு அமுதாவின் நோய் வராது, நான் படையல் அன்றைக்கு இன்னும் ஒரு பாயசம் வைக்கிறேன். இருக்கிறது என்று வந்தால், உங்களுக்கு உண்டாகும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அந்த ஆபத்து உண்டு. முதல் குழந்தை தப்பினால் இரண்டாவதும் தப்பும் என்று அதில் கணக்குக் கிடையாது. அப்போதும் கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்துவதா நடத்துவதா என்பது நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது. இப்போதெல்லாம் கரு உண்டான ஆரம்ப மாதங்களிலேயே பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு எடுக்கிற முடிவு லேசானதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து எடுக்கிற முடிவு. எங்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒரு பிள்ளை வெளுத்துப்போய் மடியில் கிடக்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒன்று மட்டும் செய்துவிடாதே. நித்யாவின் முடிவை இந்தக் கடிதத்தில் படித்துவிட்டு, உன் ரத்தத்தைப் பார்க்காமலே அவளை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. அமுதா உன் கூடப்பிறந்தவள். உன்னிடமும் இது இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அவள் பஸ் ஏறிப் போய்க் கையை நீட்டினாள் என்பது ஒன்றுதான் உங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசமாக இருக்கலாம். அதற்கு அவளுக்குத் தண்டனை கிடைத்தால், நம் ஜனத்தில் இனி ஒரு பெண்ணும் கை நீட்ட மாட்டாள். பழையபடி பாவாடை வைத்துக் கும்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். அப்படி ஒன்று நீ செய்தால் நான் உன் மேல் கோபப்பட மாட்டேன், பிரகாஷ். கோபப்படுவதற்கு வீட்டில் இரண்டு பேராவது வேண்டும். நான் வெறுமனே உட்கார்ந்திருப்பேன்.

பாவாடைக் கதை உனக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். அமுதாவின் ஆறாவது வயதுப் பொங்கலுக்கு அரக்கு நிறத்தில் பட்டுப்பாவாடை எடுத்தோம். உன் அப்பாவே நெய்தது. பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தால் அடியில் துணியை மடித்து இரண்டு டக்கு பிடித்துத் தைப்பது வழக்கம், வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் பிள்ளை வளர வளரப் பாவாடையும் இறங்கும். அடுத்த பொங்கலுக்கு எடுத்துப் போட்டாள், சரியாக இருந்தது. அதற்கு அடுத்த பொங்கலுக்கும் சரியாக இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாரும்மா, எம் பாவாட பத்தாம போவவே இல்ல" என்று கையை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் காட்டினாள். நானும் கைதட்டினேன். அந்த நோயில் பிள்ளைகள் வளர மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த டக்கை நாங்கள் பிரிக்கவே இல்லை. அதோடுதான் அவளை அனுப்பினோம்.

இந்த முறை பட்டு எடுத்துக்கொண்டு, அப்போது தைத்த அதே தையல்காரரிடம் போனேன். ஆறு வயது அளவுக்குத் தைத்து, அடியில் டக்கு பிடிக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். "படையலுக்கு வெக்கிற பாவாடைக்கு எதுக்கு டீச்சர் டக்கு? சாமி வளரவா போவுது?" என்றார். "பிடிங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

இப்போது அது தைத்து வந்து, கடிதம் எழுதுகிற இந்த மேஜைமேல்தான் இருக்கிறது. படைத்து முடித்ததும் உடுத்திக்கொள்ள நம் வீட்டில் சின்னப் பெண் இல்லை. பெட்டியில் வைப்பேன். அது அங்கே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்குப் பெண்தான் பிறக்க வேண்டும் என்றும் இல்லை. பிறந்தால், ஒரு பொங்கலுக்கு அதை உடுத்திக்கொண்டு, அடுத்த பொங்கலுக்கு, பத்தவில்லை என்று சிணுங்கிக்கொண்டு என்னிடம் வர வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு நீ வீட்டுக்கு வா. அந்த டக்கை என் கையால் பிரிக்க வேண்டும்.

உன் அம்மா